கேள்வி-பதில்: ஹாம் சரி, எந்த ஹாம்?

டிசம்பர் பிறந்தால் அமெரிக்கத் தமிழ் வீடுகளிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி பன்றித் தொடையைப் பற்றித்தான். கிறிஸ்துமஸ் விருந்துக்கு முதல்முறையாக ஃபிரெஷ் ஹாம் வாங்கப் போகிறவர்களும் போன வருடம் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் எழுதியவற்றில் சில இங்கே.

கே: ஃபிரெஷ் ஹாம் வாங்கி ஓவனில் வைத்தேன். வெந்தபின் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. ரோஸ் நிறமே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (எடிசன், நியூ ஜெர்சி)

ப: இல்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். ஃபிரெஷ் ஹாம் என்றால் பதப்படுத்தாத, புகை போடாத, பச்சைப் பின்னந்தொடை. ரோஸ் நிறம், பதப்படுத்தும்போது சேர்க்கும் நைட்ரைட் என்ற உப்பால் வருவது.

கே: அப்படியானால் ‘அன்க்யூர்டு’ (பதப்படுத்தாதது) என்று போட்டிருப்பதும் ஃபிரெஷ் ஹாமும் ஒன்றுதானே?

ப: இல்லவே இல்லை. அதுவும் பெரும்பாலும் பதப்படுத்தியதுதான், செலரிப் பொடியில் இருக்கும் நைட்ரைட்டை வைத்து. பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள், அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

கே: 9 பவுண்டு ஃபிரெஷ் ஹாமை, வீடியோவில் சொன்னபடி, ஒரு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வாட்டினேன். வாயில் வைக்க முடியவில்லை, ஒரே கரிப்பு. உப்பு அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். (ப்ளேனோ, டெக்சஸ்)

ப: நீங்கள் ஊறவைக்கும் முன்பே தொழிற்சாலையில் ஊசி போட்டு உப்புத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். உறையை எடுத்துப் பாருங்கள், ‘12 சதவீதம் வரை கரைசல் சேர்ந்தது’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால் வீட்டில் மறுபடி ஊறவைக்கவே கூடாது.

இதில் எனக்கு ரொம்ப நாள் கோபம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று பால்காரரோடு தினமும் சண்டை போட்ட அம்மாக்களின் பிள்ளைகள் நாம். இங்கே தண்ணீர் கலந்ததை அச்சடித்தே விற்கிறார்கள், நாம் படிக்காமல் வாங்குகிறோம். அந்த 12 சதவீதத்தில் 10 பவுண்டு வாங்கினால் ஏறக்குறைய ஒரு பவுண்டு தண்ணீர், அதற்கும் கறி விலைதான். பதப்படுத்திய ஹாமில் கதை இன்னும் விரிவு. கொழுப்பு நீக்கிக் கணக்கிட்டால் 20.5 சதவீதம் புரதம் இருப்பதற்குத்தான் வெறும் ‘ஹாம்’ என்று பெயர் போடலாம். 18.5 என்றால் ‘இயற்கைச் சாறுடன்’. 17 என்றால் ‘தண்ணீர் சேர்த்தது’. அதற்கும் கீழே போனால் ‘ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்’ என்று சேர்த்தது எத்தனை சதவீதம் என்பதோடு போட வேண்டும். ஆக, பெயரிலேயே தரம் இருக்கிறது. ஒரு வருடம் பவுண்டுக்கு ஒரு டாலர் மிச்சம் என்று பாய்ந்து நானே இந்தக் கடைசி ரகத்தைத் தூக்கி வந்தேன். சூடானதும் தட்டில் இரண்டு டம்ளர் தண்ணீர் நின்றது. கத்தி பஞ்சில் இறங்குவதுபோல இறங்கியது. மிச்சம் பிடித்த டாலர் எங்கே போயிற்று என்று அப்போது தெரிந்தது.

கே: ஹார்மோன் போடாத பன்றி என்று பவுண்டுக்கு இரண்டு டாலர் கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: வளர்ச்சிக்காக எந்தப் பன்றிக்குமே ஹார்மோன் போட அமெரிக்காவில் அனுமதி இல்லை.

கே: அக்கா, 18 பவுண்டு உறைந்த தொடையை 24ஆம் தேதி மத்தியானம் வாங்கினேன், தள்ளுபடி விலை. ராத்திரி முழுக்கச் சமையல் மேடையிலேயே வைத்தும் நடுவில் கல் மாதிரி இருந்தது. இந்த வருடமும் அதே கடையில் தள்ளுபடி வருகிறது. எப்போது வாங்கட்டும்?

ப: முதலில், மேடையில் வைத்த அந்தக் கறியை யாரும் சாப்பிடவில்லை என்று நம்புகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் 4 முதல் 5 பவுண்டு உருக ஒரு நாள் ஆகும். 18 பவுண்டுக்கு எத்தனை நாள் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்தால் பவுண்டுக்கு அரை மணி, ஒவ்வொரு அரை மணிக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒன்பது மணி நேரம் நிற்கத் தயாரா? அப்புறம், உங்கள் ஓவனுக்குள் 18 பவுண்டு போகுமா என்று அளந்தீர்களா? கடிதத்தில் நீங்கள் நான்கு பேர் என்று இருக்கிறது. எலும்போடு ஆளுக்கு முக்கால் பவுண்டு போதும்.

கே: பாதித் தொடை வாங்கினால் பட் பக்கமா, ஷாங்க் பக்கமா?

ப: ஷாங்க். முழங்காலை ஒட்டிய பக்கம், ஒரே நேர் எலும்பு, வெட்டுவது சுலபம். பட் பக்கம் கறி அதிகம்தான், ஆனால் கோணல் இடுப்பெலும்பு உள்ளே இருக்கும். ‘ஹாஃப்’ கேளுங்கள். ‘போர்ஷன்’ என்றால் நடுவில் இருக்கும் நல்ல துண்டங்களை ஏற்கனவே எடுத்திருப்பார்கள்.

கே: தேங்க்ஸ்கிவிங்குக்கு எலும்போடு ஃபிரெஷ் ஹாம் வேண்டும் என்று ஒரு கறிக்கடையில் 80 டாலர் கட்டி ஆர்டர் செய்தேன். நாகர்கோவிலிலிருந்து மாமியார் வந்திருந்தார், அவருக்காக. ராத்திரி பிரித்தால் புகை போட்டு வட்டமாகச் சீவிய ஹாம். பண்டிகை ஆர்டரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற போர்டைக் காட்டிக் கடையில் விரட்டிவிட்டார்கள். என் மேல்தான் தப்போ? (அட்லாண்டா)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. கேட்ட பொருளைக் கொடுத்துவிட்டு அல்லவா அந்த போர்டைக் காட்ட வேண்டும்! கிரெடிட் கார்டில் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. ஒப்புக்கொண்ட பொருள் வரவில்லை என்று கார்டு கம்பெனியிடம் எழுத்தில் ஆட்சேபிக்க 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இடம் தருகிறது. பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். ‘ஃபிரெஷ்’ என்று எழுதிய ரசீது, உறை லேபிளின் படம், இரண்டையும் இணையுங்கள். போனில் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: பழைய சமையல் புத்தகம் உள்வெப்பம் 170 டிகிரி என்கிறது. மகள் 145 போதும் என்கிறாள்.

ப: மகள் சொல்வது சரி. முழுத் துண்டுப் பன்றிக்கறிக்கு அமெரிக்க விவசாயத் துறை 2011இல் 160லிருந்து 145 ஃபாரன்ஹீட்டாகக் குறைத்தது, எடுத்தபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். ஓவன் 325இல் இருந்தால் 5 முதல் 8 பவுண்டு பாதித் தொடைக்கு பவுண்டுக்கு 35 முதல் 40 நிமிடம். ஆனால் கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள், அதையும் முதலில் ஐஸ் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 32 காட்ட வேண்டும். என் எட்டு டாலர் தெர்மாமீட்டர் 47 காட்டியது. அதைச் சோதித்தது, எலும்போரம் சிவப்பாக இருந்த ஹாமை விருந்தாளிகள் முன்னால் வெட்டியபின்.

கே: ஹாமின் மேல் தடவும் இனிப்புப் பூச்சு, அதான் கிளேஸ், பாட்டிலில் வாங்கலாமா?

ப: வேண்டாம். பிரவுன் சுகர், கடுகு விழுது, கொஞ்சம் அன்னாசிச் சாறு, கிராம்பு, எல்லாம் வீட்டிலேயே இருக்கும். கடைசி அரை மணியில் மட்டும் தடவுங்கள், முன்னாலேயே தடவினால் சர்க்கரை கருகும்.

கே: தொடையை வெட்ட மின்சாரக் கத்தி வாங்கலாமா?

ப: என்னிடம் ஒன்று கராஜில் பெட்டியோடு கிடக்கிறது. இரண்டு முறைதான் ஓடியது. தபால் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அனுப்பிவைக்கிறேன்.