புது நண்டு சாப்பிட்டும் வயிற்றோட்டம் வருமா?

வரும். விடியற்காலையில் திருகோணமலைக் கரையில் இறங்கிய நண்டிலும் விப்ரியோ பராஹீமோலிட்டிகஸ் இருக்கலாம். 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் பரவிய உணவு நஞ்சாதலில் கண்டுபிடிக்கப்பட்ட கிராம் நெகட்டிவ் (கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறம் தங்காத) பாக்டீரியா இது. உப்புத்தண்ணீரும் வெயில் சூடும் இதற்குச் சாதகம். ஐஸ் போடாமல் வைத்தால் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடும்.

நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். அப்புறம் எப்படி வருகிறது? என் சந்தேகம் பலகையில்தான். பச்சை நண்டு உடைத்த அதே பலகையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டுகிறோம். சம்பல் அடுப்பில் ஏறுவதே இல்லை.

பொதுவாக ஒரு நாளுக்குள் வயிற்று வலியும் வயிற்றோட்டமும் தொடங்கி, 3 நாளில் அடங்கும். அதுவரை ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) கரைத்துக் குடியுங்கள். இரத்தம் போனாலோ காய்ச்சல் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரல் நோயாளிகள் காயத்தோடு கடலில் இறங்கவே வேண்டாம். இதன் உறவான விப்ரியோ வல்னிஃபிகஸ் காயத்தால் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.