1500 மீட்டரில் யாகோப் ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறார்? - கேள்வி பதில்

2023 புடாபெஸ்ட் உலக தடகளப் போட்டியின் ஆண்கள் 1500 மீட்டர் ஃபைனலைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நார்வேயின் யாகோப் இங்கெப்ரிக்ட்சன் முன்னால் ஓட, ஸ்காட்லாந்துக்காரர் ஜோஷ் கெர் கடைசியில் தாண்டிப் போன அந்த ஓட்டம்தான். முடிந்தவரை எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன்.

சார், அந்த வருடம் யாகோப் 3:27 ஓடியவர். கெர் 3:29 ஓடி எப்படி ஜெயிக்க முடியும்?

யாகோப் 3:27 ஓடியது ஆஸ்லோ மாதிரியான ஒருநாள் போட்டிகளில். அங்கே சம்பளத்துக்கு ஓடும் பேஸ்மேக்கர்கள் முதல் இரண்டு சுற்றுகளுக்கு மேல் இழுத்துக்கொடுப்பார்கள், டிராக் ஓரத்தில் விளக்குகள் வேறு வேகத்தைக் காட்டிக்கொண்டே ஓடும். உலக சாம்பியன்ஷிப்பில் இதெல்லாம் கிடையாது, யாராவது ஒரு போட்டியாளர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். புடாபெஸ்டில் அதைச் செய்தது யாகோப். லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவர் அதே வேகத்தைக் குறைந்த செலவில் ஓடுகிறார். காற்று மட்டுமில்லை, எப்போது வேகம் கூட்டுவது என்ற யோசனையும் முன்னால் ஓடுகிறவர் தலையில்தான். கெர் செய்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது, 200 மீட்டர் மிச்சமிருக்கும்போது பக்கத்தில் வந்தது, அப்புறம் விடாமல் நெருக்கியது. கெர் 3:29.38, யாகோப் 3:29.65.

அண்ணா, யாகோப் தனக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னாரே?

சொன்னார். பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாலே நாள் கழித்து அதே மைதானத்தில் 5000 மீட்டர் தங்கத்தை ஜெயித்தார். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவின் யுஜீனிலும் இதே கதை: 1500-இல் பிரிட்டனின் ஜேக் வைட்மனிடம் தோற்று வெள்ளி, சில நாளில் 5000-இல் தங்கம். இரண்டு வருடம், ஒரே மாதிரி தோல்வி, ஒரே மாதிரி மீட்சி. அதனால் காரணத்தை நான் தொண்டையில் தேடவில்லை.

அப்படியானால் அவர் ஏன் பின்னாலேயே ஓடிவிட்டுக் கடைசியில் அடிக்கக்கூடாது? இவ்வளவு பெரிய ஆளுக்கு இது தெரியாதா?

தெரியும். ஆனால் அவருடைய பலம் மூச்சு, நீண்ட தூரம். மெதுவாகப் போய்க் கடைசி 300 மீட்டரில் தெறிக்கும் ஓட்டம் 800 மீட்டர்காரர்களுக்கு வசதி. யுஜீனில் ஜெயித்த வைட்மன் அதே சீசனில் 800-ஐ 1:43.65-க்கு ஓடியவர், யாகோபின் 800 நேரமோ 1:46-தான். ஆகவே எதிராளிகளின் கால் கனக்கும்வரை வேகத்தை ஏற்றுவதுதான் அவருடைய கணக்கு. கணக்கு தப்பில்லை, டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கினாரே. அப்போது அவருக்கு முன்னால் இழுத்துக்கொடுக்க கென்யாவின் திமத்தி செருயோட் இருந்தார், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்! பிறகு அந்த இழுக்கும் வேலை இவர் தலையில் விழுந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே கணக்கை இன்னும் முரட்டுத்தனமாகப் போட்டார். ஆரம்பத்திலிருந்தே விரட்டினார், கடைசி நேர்ப்பாதையில் அமெரிக்காவின் கோல் ஹாக்கர் உள்பக்கமாக நுழைந்து 3:27.65-க்கு ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் கொண்டுபோனார். கெர் இரண்டாவது, யாரெட் நுகூஸ் மூன்றாவது. இத்தனையும் இழுத்துக்கொடுத்தவர் நாலாவது.

வளைவில் தாண்டக்கூடாது என்று எங்கள் பி.டி. மாஸ்டர் சொல்வார். உண்மையா?

உண்மைதான், கணக்கும் சுலபம். வளைவு என்பது அரை வட்டம். உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு முழு வளைவை ஓடினால் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறீர்கள். கடைசிச் சுற்று வேகத்தில் அது கிட்டத்தட்ட 0.4 விநாடி, கெர் ஜெயித்த வித்தியாசமே 0.27-தான். 1500-இல் மொத்தம் ஏழு வளைவுகள், எல்லாவற்றையும் வெளிப்பக்கமாகவே ஓடுகிறவன் இருபது மீட்டருக்கு மேல் தானம் செய்கிறான்.

அதனால்தான் யுஜீனில் வைட்மன் கடைசி வளைவு தொடங்கும் இடத்தில், 200 மீட்டர் மிச்சமிருக்கும்போது தாண்டினார், வளைவின் உள்கோடு அவருக்குச் சொந்தமாகிவிட்டது. கெருக்கு அவ்வளவு சுளுவாகக் கிடைக்கவில்லை. யாகோப் விட்டுக்கொடுக்காமல் தோளோடு தோளாக நின்றார், கெர் அந்தக் கூடுதல் தூரத்தையும் சுமந்துகொண்டுதான் முன்னே வந்தார். என்னைக் கேட்டால் இரண்டு தங்கத்தில் கெருடையதுதான் பெரியது.

வைட்மனும் கெரும் ஒரே ஊர்க்காரர்களா?

இரண்டு பேரும் எடின்பரோ கிளப்பில் ஓடி வளர்ந்தவர்கள். ஒரு கிளப்பிலிருந்து அடுத்தடுத்து இரண்டு உலக சாம்பியன்கள்! யுஜீனில் இன்னொரு விசேஷம், மைதானத்தில் மைக் பிடித்து வர்ணனை செய்துகொண்டிருந்தவர் வைட்மனின் அப்பா ஜெஃப். அவர்தான் கோச்சும். மகன் கோட்டைத் தாண்டிய பிறகு, கேமரா ஏன் தன் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவரே கூட்டத்துக்கு மைக்கில் விளக்க வேண்டியதாயிற்று.

புடாபெஸ்டில் மூன்றாவதாக வந்தவர் யார்? யாகோபைப் பிடித்துவிடுவார் போல இருந்ததே.

நூர்டோஸ், அவரும் நார்வே. 3:29.68, யாகோபுக்கு வெறும் 0.03 விநாடி பின்னால். அவருடைய கோச் யெர்ட் இங்கெப்ரிக்ட்சன், யாகோபின் சொந்த அப்பா! மகன்கள் 2022 தொடக்கத்திலேயே அவரிடமிருந்து பிரிந்துவிட்டார்கள். கடைசி இருபது மீட்டரை இதைத் தெரிந்துகொண்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். குடும்ப விஷயத்துக்குள் நான் போகவில்லை.

என் பையன் மாவட்டப் போட்டியில் 1500 ஓடுகிறான். ஆரம்பத்தில் இடித்துத் தள்ளுகிறார்கள், என்ன செய்ய?

1500-இல் தனி லேன் கிடையாது, வளைந்த கோட்டிலிருந்து கிளம்பியதும் எல்லோரும் உள்பக்கம் சாய்வார்கள், முழங்கை படும், ஸ்பைக்ஸ் குதிகாலைக் கிழிக்கும். முதல் 100 மீட்டரில் கொஞ்சம் வேகமாகப் போய் மூன்றாவது நாலாவது ஆளாக, முன்னால் ஓடுகிறவனின் வலது தோளுக்கு நேராக இருக்கச் சொல்லுங்கள். உள்கோட்டிலேயே ஒட்டியிருந்தால் தூரம் மிச்சம், ஆனால் முக்கியமான நேரத்தில் முன்னாலும் பக்கத்திலும் ஆட்கள் அடைத்துக்கொள்ள, பெட்டிக்குள் மாட்டிக்கொள்வான். இடித்துக்கொண்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாக்கரே சாட்சி: 2025 டோக்கியோ உலகப் போட்டியின் செமிஃபைனலில் நெரிசலுக்குள் புகுந்து வந்ததற்காகத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். ஒலிம்பிக் சாம்பியன் என்றெல்லாம் பார்க்கவில்லை.

அண்ணே, அந்த 2025 டோக்கியோ ஃபைனல் 3:34.10-தானே. நம்ம ஜின்சன் ஜான்சன் 3:35.24 ஓடியிருக்கிறார். அப்போ ரொம்பப் பக்கம்தானா?

இல்லை தம்பி. ஜின்சனின் நேரம் 2019-இல் பெர்லினில், ஒருநாள் போட்டியில் வந்தது, நல்ல நேரம், மறுக்கவில்லை. ஆனால் சாம்பியன்ஷிப் ஃபைனல் நேரத்தை அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. டோக்கியோவில் காயத்திலிருந்து வந்த யாகோப் முதல் சுற்றான ஹீட்ஸிலேயே வெளியே, கெர் ஃபைனலில் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார், யாரும் இழுக்காததால் ஆரம்பம் மெதுவாகப் போனது, கடைசிச் சுற்றில்தான் அடிதடி. போர்ச்சுகலின் இசாக் நாடர் வைட்மனை 0.02 விநாடியில் பிடித்தார். அதோடு புடாபெஸ்டிலிருந்து 1500-இல் நேரத்தை வைத்து அடுத்த சுற்றுக்குப் போகும் வழியையே எடுத்துவிட்டார்கள், ஹீட்ஸில் முதல் ஆறு பேருக்குள் வந்தே ஆக வேண்டும். புடாபெஸ்டில் நம்ம அஜய் குமார் சரோஜ் ஓடினார், ஹீட்ஸைத் தாண்டவில்லை. நம்மவர்களுக்கு முதலில் தேவை, வேகம் திடீரென்று மாறும் ஓட்டங்களை வருடம் முழுக்க ஐரோப்பாவில் போய் ஓடிப் பழகுவது.