அரச நிறுவனங்களைத் தனியாருக்குக் கொடுத்தால் சாதாரண சனத்துக்கு என்ன நடக்கும்?

உயர்தரத்தில் பொருளியல் படித்தபோது, தனியார்மயம் வந்தால் வினைத்திறன் கூடும் என்று எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். மருதங்கேணியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்.

யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில் மினிபஸ்ஸுக்குக் குறைவில்லை, ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். மருதங்கேணி இருக்கும் வடமராட்சி கிழக்குப் பக்கம் ஆளும் குறைவு, ஓட்டமும் குறைவு. பெரியம்மாவின் பேத்தி பள்ளிக்கூடம் போவது சி.ரி.பி. என்கிற அரச பஸ்ஸில், மாதத்துக்கு எடுக்கும் சீசன் ரிக்கற்றில். தனியார் பஸ்ஸில் சீசன் செல்லாது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் சில மினிபஸ்கள் நிறுத்தாமலே போய்விடும். மினிபஸ்காரரைத் திட்டியும் என்ன பயன்? டீசல் காசும் லீசிங் காசும் அவர்கள் தலையில்தானே.

இலங்கையில் பஸ் சேவை 1958இல் அரசுடைமையானது. 1979இல் தனியாருக்கும் வழி திறந்தார்கள். சனம் நிறைந்த பாதைகளுக்குத் தனியார் ஓடிவந்தார்கள், நட்டப் பாதைகள் சி.ரி.பி.யோடு தங்கிவிட்டன. அப்புறம் 'சி.ரி.பி. நட்டத்தில் ஓடுகிறது' என்று எல்லோரும் சொல்கிறோம். (கட்சிக்காரருக்குக் கொடுத்த வேலைகளும் அந்த நட்டத்தில் உண்டு, அதை மறைக்கவில்லை.)

ஆனால் எல்லாம் அரசிடமே இருக்கட்டும் என்பவனும் இல்லை நான். ஒரு காலத்தில் வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கேட்டு வருடக்கணக்கில் காத்திருந்த நாடு இது. 1997இல் அரச தொலைபேசி நிறுவனமான ரெலிக்கொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. வாங்கியது. அதே காலத்தில் வேறு தொலைபேசிக் கம்பனிகளும் களத்தில் இருந்ததால் வாடிக்கையாளருக்கு மரியாதை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு அதைக் காண 2002 சமாதானம் வரவேண்டியிருந்தது, அது யுத்தத்தின் கதை.

சமையல் காஸில் நடந்தது வேறு. 1995இல் கொழும்பு காஸ் கம்பனியின் 51 வீதத்தை ஷெல்லுக்கு விற்றபோது, ஐந்து வருட ஏகபோக உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விலை பிடிக்கவில்லை என்றால் விறகடுப்புத்தான். 2010இல் அரசே திரும்ப வாங்கியது, இன்று அதன் பெயர் லிற்றோ. 2003இல் விற்ற காப்புறுதிக் கூட்டுத்தாபனமும் அப்படித்தான், 2009இல் உச்ச நீதிமன்றம் விற்பனையை ரத்துச் செய்தது.

அதனால் யாராவது 'விற்கப் போகிறோம்' என்றால் நான் கேட்பது இரண்டுதான்: வாங்குபவருக்குப் போட்டியாக இன்னொருவர் உண்டா? நட்டப் பாதைக்கு யார் காசு கட்டுவது? மருதங்கேணி ஓட்டத்தையும் சீசனையும் ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கான பணத்தை அரசு ஒழுங்காகக் கட்டினால், தனியார் ஓடுவதில் எனக்கு மறுப்பில்லை, பெரியம்மாவுக்கும் இருக்காது. அதுவரை பேத்தி காலையில் சி.ரி.பி.க்குத்தான் நிற்பாள்.