துக்க வீட்டில் சிரித்துவிட்டோம், தப்பா?

கேள்வி:

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு பழைய ஆணையைத் தேடி, நானும் தம்பியும் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே ஒரு மஞ்சப்பை. அதற்குள் இன்னொரு மஞ்சப்பை. அதற்குள் இன்னொன்று. எல்லாம் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த பைகள். பதினோராவது பைக்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. அப்பாவின் கையெழுத்தில், ‘இதில் ஒன்றும் இல்லை.’

முதலில் சிரித்தது அம்மாதான். “இதையும் எழுதி வெச்சிருக்காரு பாரு மனுஷன்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்த நேரம் பார்த்து அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, வாசலில் வந்து நின்றார். “எங்கண்ணன் போயி அஞ்சு மாசம் முடியல. அதுக்குள்ள இந்த வீட்ல இப்படி ஒரு சிரிப்பா?” என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மா சிரிப்பதே இல்லை. டிவியில் நகைச்சுவைக் காட்சி வந்தால் எழுந்து போய்விடுகிறார். சாப்பாடும் பாதியாகிவிட்டது. அம்மா அழுதால் தம்பியால் தாங்க முடியாது, ஏதாவது ஜோக் அடித்து நிறுத்தப் பார்ப்பான். என் ஏழு வயது மகன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தாத்தா மாதிரியே “படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ” என்கிறான். அதையும் நிறுத்த வேண்டுமா? அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அந்தச் சீட்டை அம்மா தன் பர்ஸில் வைத்திருப்பதை நேற்று பார்த்தேன். அதைப் பற்றி அம்மாவிடம் பேசலாமா என்றும் தெரியவில்லை.

– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுக்க நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

சீட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் உங்கள் அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் டிக்கெட்டுக்கும் சில்லறைக்கும் கணக்கு ஒப்படைத்த மனிதர். என்றோ ஒரு நாள் எதையோ தேடி அந்தப் பதினோரு பையையும் பிரித்து ஏமாந்திருக்கிறார். அடுத்த தடவை இந்த வேலை மிச்சமாகட்டும் என்று சீட்டு எழுதியிருக்கிறார். எழுதிய சீட்டைப் பத்திரமாகப் பதினோராவது பைக்குள் வைத்திருக்கிறார்! முன்பின் பார்த்திராத எனக்கே அவர் கண் முன்னால் வந்து நிற்கிறார் என்றால், இத்தனை வருடம் கூட வாழ்ந்த உங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு வரியில் அவர் முழுசாகத் திரும்பி வந்திருப்பார். ஐந்து மாதமாக மாலை போட்ட படமாக மட்டும் இருந்தவர் ஒரு நிமிஷம் மனிதராக வந்தார். அம்மா சிரித்தது அவரைப் பார்த்த சந்தோஷத்தில்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. முதலில் நகை, அதற்கு அடுத்தது அழுகை. நகை எதனால் பிறக்கிறது என்று அது நாலு காரணம் தருகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நாலில் எள்ளல் ஒன்றுதான் பரிகாசம். மற்ற மூன்றும் ஒருவரின் பிள்ளைத்தனத்தையும் வெகுளித்தனத்தையும் பார்த்து, பிரியத்தோடும் வரக்கூடிய சிரிப்பு. உங்கள் அத்தைக்கு வாசலில் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெட்டி தெரியாது, பை தெரியாது, சீட்டு தெரியாது. அண்ணன் இல்லாத வீட்டில் கேட்ட அந்தச் சத்தம் அவர் காதில் எள்ளலாக விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் படையல் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இருபது வருடமாக அம்மா சீனி டப்பாவை அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து மாற்றி மாற்றி வைப்பார். அவர் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். அன்று இலையில் எல்லாம் பரிமாறி முடித்ததும் அம்மா ஒரு டம்ளர் காபி கொண்டு வந்து வைத்தார். சித்தி மெதுவாக, “சீனி போட்டியாக்கா?” என்று கேட்டார். “மூணு ஸ்பூன்” என்றார் அம்மா. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார். அன்று ராத்திரி அதே டம்ளரைக் கழுவும்போது அம்மா உடைந்து அழுதார். பதினாறு நாளில் அவர் அப்படி அழுதது அப்போதுதான்.

துக்கத்தை ஆராய்ந்தவர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கணவனையோ மனைவியையோ இழந்தவர்கள், இழப்பு நேர்ந்து ஆறு மாதம் ஆனபோது இறந்தவரைப் பற்றிப் பேசுவதை அமெரிக்காவில் படம் பிடித்து, அவர்கள் முகங்களை நுணுக்கமாகக் கவனித்தார்கள் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு உளவியலாளர்கள். 1997-இல் முடிவுகள் வெளிவந்தன. கண்ணும் சேர்ந்து சிரிக்கும் உண்மையான சிரிப்பு இடையிடையே வந்தவர்களுக்கு மன வேதனை குறைவாக இருந்தது. சிரிப்பு துக்கத்தை ஆற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறிவருகிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது என்றும் இருக்கலாம். ஆனால் சிரித்தவர்கள் இறந்தவரை மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் சிரித்ததே அவரைப் பற்றிப் பேசும்போதுதான். நெதர்லாந்தில் ஆராய்ச்சி செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. துக்கப்படுகிறவர் கொஞ்ச நேரம் இழப்புக்குள் இருப்பார், கொஞ்ச நேரம் அதிலிருந்து விலகி அன்றாட வேலையில் இருப்பார், மறுபடியும் இழப்புக்குள் போவார். இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்கிறார்கள்.

சரி, இப்போது அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். அன்று மூன்று பேர் சிரித்தீர்கள். அத்தை சொன்ன வார்த்தையை நீங்களும் தம்பியும் சுமந்துகொண்டுதான் இருக்கிறீர்கள், ஆனாலும் உங்கள் நாட்கள் நடக்கின்றன. சிரிப்பை விட்டுவிட்டது அம்மா மட்டும். நம் ஊரில் கணவர் போன பெண்ணின் பூவை, பொட்டை, சேலை நிறத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். அவள் எந்தக் கல்யாணத்தில் முன்னால் நின்றாள் என்று பேசுகிறார்கள். சிரிப்பையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். மகன் சிரித்தால் மனசைத் தேற்றிக்கொள்கிறான் என்பார்கள். மனைவி சிரித்தால் வேறு மாதிரி பேசுவார்கள். அத்தை உரக்கச் சொன்னது, அம்மா தனக்குள் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த ஒன்றாக இருக்கும்.

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம், கணவர் இறந்த பெண்ணின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது போன்ற சடங்குகளெல்லாம் இனி வேண்டாம் என்று அந்த ஊர்ப் பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. சிரிப்புக்கு எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானம் போட முடியாது. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் போட வேண்டும், அந்த வேலை உங்களுடையது. அம்மாவிடம் போய் “சிரிங்கம்மா” என்று சொல்லாதீர்கள், அது இன்னொரு கட்டளையாகிவிடும். “அன்னைக்குச் சிரிச்சதுல தப்பே இல்லம்மா. அப்பா இருந்திருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு” என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் அப்பாவின் பேச்சை வீட்டில் சாதாரணமாக எடுங்கள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது. அழுகை வந்தால் வரட்டும்.

அத்தைக்கு மன்னிப்புக் கடன் எதுவும் இல்லை. ஆனால் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் சீக்கிரம். அவருக்குப் போனது கூடப் பிறந்த அண்ணன். உங்கள் அம்மாவுக்கு முன்பிருந்தே அவரைத் தெரிந்தவர். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மனைவியைக் கேட்பார்கள், பிள்ளைகளைக் கேட்பார்கள். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன தங்கையிடம் உட்கார்ந்து கேட்கிறவர்கள் குறைவு. போகும்போது அந்த மஞ்சப்பைகளையும் எடுத்துப் போங்கள். கல்யாணப் பைகள் என்றால் மாப்பிள்ளை, பெண் பேரும் தேதியும் அச்சடித்திருக்கும். அத்தை வீட்டு விசேஷத்துப் பை ஒன்று அதில் இருந்தாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். “அன்னைக்கு நீங்க வந்தப்ப உங்களையும் கூட உக்கார வெச்சிருக்கணும் அத்தை” என்று சொல்லி, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். பைகளை அவரே பிரிக்கட்டும். அப்புறம் அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். அவர் அழலாம், சிரிக்கலாம், இன்னும் கோபமாகவே இருக்கலாம். எப்படியிருந்தாலும் திரும்ப ஒரு தடவை போங்கள்.

தம்பியின் ஜோக்கை மட்டும் நிறுத்தச் சொல்வேன். பரணடியில் வந்த சிரிப்பு தானாக வந்தது. இது அம்மாவின் அழுகையை மூடப் போடுகிற மூடி. அம்மா அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள். கோபமாகச் சொல்லாதீர்கள், அவனுக்கும் அப்பாதான் போயிருக்கிறார். அவன் அழுது பார்த்தீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அப்பா வேலை பார்த்த தடத்தில் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய் வாருங்கள். வழியில் பேச வேண்டும் என்றுகூட இல்லை.

பையனைத் தடுக்காதீர்கள். குழந்தைகளின் துக்கம் பெரியவர்களைப் போல நீண்டு நிற்காது. ஐந்து நிமிடம் அழுவார்கள், உடனே விளையாடப் போவார்கள், ராத்திரி படுக்கும்போது திடீரென்று “தாத்தா எங்கே” என்பார்கள். “உள்ள போ, உள்ள போ” என்று அவன் சொல்வது தாத்தாவைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். “தாத்தா மாதிரி பேசிக் காட்டு” என்று விருந்தாளிகள் முன்னால் அவனை நிறுத்தாதீர்கள். தாத்தாவைப் பற்றிக் கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்றெல்லாம் சொல்லாமல் இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். ஏழு வயதில் அது புரியும்.

அம்மாவின் சாப்பாடு விஷயத்தைத் தள்ளிப் போட வேண்டாம். இந்த வாரமே வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் அழைத்துப் போய் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள். ஐந்தாம் மாதத்திலும் அழுவது நோய் கிடையாது. நீடித்த துக்கம் என்று ஒரு நிலையை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தாண்டியும், அந்தந்தச் சமூகத்து வழக்கத்தை மீறியும், அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்குத் துக்கம் இருந்தால்தான் அந்தப் பெயர். அம்மா தூக்கமே இல்லாமல் இருந்தாலோ, எழுந்து குளிக்கவே மனமில்லாமல் கிடந்தாலோ, ‘நானும் போயிடறேன்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ எந்தக் கெடுவுக்கும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக அந்தச் சீட்டு. நீங்கள் பார்த்தது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவராக எடுத்துக் காட்டும் நாள் வந்தால் மட்டும், நாலாக மடித்த காகிதம் மடிப்பில் கிழிந்துவிடும் என்று சொல்லி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அத்தைக்கும் ஒன்று சேர்த்து எடுங்கள்.