நாடே கரன்ட் கேட்டது, கம்பெனிகள் ஏன் கவிழ்ந்தன?

கேள்வி: 2008 ஜனவரியில் எல்லாரும் போட்டார்கள் என்று நானும் ரிலையன்ஸ் பவர் பங்குக்கு விண்ணப்பித்தேன். கொஞ்சம் கிடைத்தது, இன்னும் டீமேட் கணக்கில் அப்படியே கிடக்கிறது. எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம், அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் பாதி நாள் கரன்ட் இருக்காது. ஊரே கேட்கிற சரக்கைத் தயாரிக்கப் போகிற கம்பெனி எப்படி விழும்? இப்போது ஏசி, டேட்டா சென்டர் என்று தேவை மறுபடி எகிறுகிறது, மின்சாரப் பங்குகளில் பணம் போடுங்கள் என்கிறான் மகன். போடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஊர் கேட்டது உண்மைதான் ஐயா. ஆனால் மின் நிலையத்திடம் கரன்ட் வாங்குவது ஊர் இல்லை, மாநில மின் வாரியம். அந்த வாரியத்தின் கையில் காசு இருந்ததா என்பதைத்தான் 2008ல் யாரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்து நிலவரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2007-08ல் இந்தியாவின் உச்சநேரப் பற்றாக்குறை 16 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 2008 நவம்பரில் ஆலைகளுக்கே கட்டுப்பாடு வந்தது, 2012ல் மாவட்டங்களில் வீடுகளுக்குக்கூட நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டு. இவ்வளவு தவிப்பு இருந்த அதே மாநிலத்தில், 2003க்குப் பிறகு 2010 வரை கட்டணத்தை உயர்த்தவே இல்லை. எரிபொருள் விலை ஏறுகிறது, வெளியில் வாங்கும் கரன்ட் விலை ஏறுகிறது, வசூல் மட்டும் பழைய ரேட்டில். அப்படியானால் கூடுதலாக வாங்கி விநியோகிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்துக்கு நஷ்டம், வாங்காமல் ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்குக் கரன்ட் கொண்டுபோகும் லைனை, அணைத்து வைத்தால் அந்த நஷ்டம் மிச்சம். நம் வீட்டில் விசிறி நின்றதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. வேறு பிராந்தியத்தில் கரன்ட் கிடைத்தாலும் கொண்டுவர லைன் போதாது என்பது இன்னொரு தலைவலி, தென் மண்டல கிரிட் (மின் கம்பி வலைப்பின்னல்) நாட்டின் மற்ற கிரிட்டோடு முழுசாக இணைந்ததே 2013 டிசம்பர் 31ல்தான்.

இது புதுசாக வந்த வியாதியும் இல்லை. 1991ல் தனியாருக்கு மின் உற்பத்தியைத் திறந்துவிட்டு, போட்ட மூலதனத்துக்கு 16 சதவீத வருமானம் என்று ஆசை காட்டினார்கள். அமெரிக்காவின் என்ரான் மகாராஷ்டிராவில் தாபோல் நிலையத்தைக் கட்டியது, 740 மெகாவாட் முதல் கட்டம் 1999ல் ஓடத் தொடங்கியது. நாப்தா என்ற பெட்ரோலிய எரிபொருளில் ஓடிய அந்தக் கரன்ட்டின் விலை கட்டுப்படியாகாமல், 2001 மே மாதத்தோடு மாநில வாரியம் வாங்குவதையே நிறுத்திவிட்டது. ஒப்பந்தம் இருந்தது, மாநிலம் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்ற மத்திய அரசின் எதிர் உத்தரவாதம்கூட இருந்தது. ஆனாலும் நிலையம் பூட்டிக் கிடந்தது.

சரி, வாங்குகிறவர் ஒரு பக்கம். அடுத்தது எரிபொருள், கட்டிமுடித்த நிலையங்களைப் படுக்கவைத்ததில் இதற்குப் பெரிய பங்கு. 2006, 2007ல் 4,000 மெகாவாட் ராட்சத நிலையங்களை ஏலம் விட்டார்கள், யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்கு. குஜராத் முந்த்ராவை டாடா பவர் யூனிட் 2.26 ரூபாய்க்கு எடுத்தது, ஆந்திராவின் கிருஷ்ணபட்டினத்தை ரிலையன்ஸ் பவர் 2.33 ரூபாய்க்கு எடுத்தது. 25 வருஷத்துக்கான விலை. இரண்டும் இந்தோனேசிய நிலக்கரியை நம்பியவை. 2010 செப்டம்பரில் இந்தோனேசியா, இனி சந்தை விலைக்குக் குறைத்து யாருக்கும் விற்கக்கூடாது, பழைய ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும் என்று சட்டம் போட்டது. அவ்வளவுதான். முந்த்ரா வருஷக்கணக்கில் நஷ்டத்தில் ஓடியது, கிருஷ்ணபட்டினம் கட்டப்படவே இல்லை. வெளிநாட்டுச் சட்டம் மாறியதைக் காரணம் காட்டி விலையை உயர்த்த முடியாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ரிலையன்ஸ் பவர் மத்தியப் பிரதேசத்தில் சாசன் நிலையத்தை 1.19 ரூபாய்க்கு எடுத்தது, அங்கே கூடவே சொந்தச் சுரங்கம் இருந்ததால் அது கட்டப்பட்டு ஓடவும் செய்தது. கம்பெனி ஒன்றுதான், நிலக்கரி யார் கையில் என்பதில்தான் வித்தியாசம்.

எரிவாயு நிலையங்கள் கதை இன்னும் மோசம். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் வாயு கொட்டப்போகிறது என்று நம்பிக் கட்டினார்கள், வாயு வற்றியது, சுமார் 14,000 மெகாவாட் நிலையங்கள் கட்டியும் பயனில்லாமல் நின்றன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. 2018ல் நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தபோது சிக்கலில் இருந்த அனல் நிலையங்கள் 34, திறன் சுமார் 40,000 மெகாவாட். பற்றாக்குறையைப் பார்த்து ஓடிவந்து போட்ட பணம்தான் இதில் பெரும்பகுதி, அதிலும் வங்கியில் வாங்கிய கடன்தான் அதிகம்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். அந்த வெளியீட்டுக்கு சுமார் 73 மடங்கு விண்ணப்பம் குவிந்தது. சிறு முதலீட்டாளர்களுக்கு 430 ரூபாய். பட்டியலான முதல் நாளே, 2008 பிப்ரவரி 11ல், 372 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. பிறகு 5 பங்குக்கு 3 பங்கு போனஸ் தந்ததால் உங்கள் அடக்கவிலை 269 ரூபாய் ஆகிறது. 2020 மார்ச்சில் அது 2 ரூபாய்க்கும் கீழே போனது. விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று அந்தக் கம்பெனிக்கு ஓடுகிற மின் நிலையம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் திட்டங்கள். அதே பற்றாக்குறைக் காலத்தில் அரசின் மின் உற்பத்திக் கம்பெனி என்டிபிசி, 2004ல் 62 ரூபாய்க்கு வந்த பங்கு, நிம்மதியாக லாபம் காட்டியது. எரிபொருள் செலவை அப்படியே கட்டணத்தில் ஏற்றலாம், மூலதனத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த வருமானம் உண்டு, மாநிலம் பாக்கி வைத்தால் மத்திய அரசு மாநிலத்துக்குத் தரவேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளும் முத்தரப்பு ஒப்பந்தமும் உண்டு. தனியாருக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தது அபூர்வம்.

மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேவை நிஜம், 2024 மே மாதம் நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. பாக்கி விஷயத்திலும் 2022 ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகள் நல்ல வேலை செய்திருக்கின்றன, பழைய பாக்கியைத் தவணையில் அடைக்காத விநியோக நிறுவனத்துக்கு வெளிச்சந்தையில் கரன்ட் வாங்கும் வழியே அடைபடும். ஆனால் தட்டுப்பாடு வந்தால் விலை எகிறி லாபம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 கோடையில் நிலக்கரி இல்லாமல் நாடு திணறியபோது, மின் சந்தையில் யூனிட்டுக்கு 12 ரூபாய்தான் உச்சம் என்று ஆணையம் மூடி போட்டுவிட்டது. மக்கள் தவிக்கும்போது எந்த அரசும் அதைத்தான் செய்யும், செய்யவும் வேண்டும்.

ஆகவே மகனை உட்காரவைத்து, அவர் சொல்கிற கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். விற்ற கரன்ட்டுக்குப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது, எரிபொருள் விலை ஏறினால் அதை யார் சுமப்பது, கடன் எவ்வளவு, நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் சந்தையில் தினம் தினம் விற்கிற பங்கு எவ்வளவு. இவற்றுக்கு அவரால் பதில் சொல்ல முடிந்தால் அவர் சம்பளத்திலிருந்து போடட்டும். உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் வேண்டாம். பழைய பங்கைச் சராசரி செய்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் வாங்குவதும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: திருப்பூர் பக்கம் சின்ன நூற்பாலை. உயரழுத்த இணைப்பு, மாதம் 60,000 யூனிட் ஓடும். ஒரு சோலார் கம்பெனிக்காரர் குரூப் கேப்டிவ் திட்டத்தில் (பல ஆலைகள் ஒரு மின் நிலையத்தில் பங்கு எடுத்து, அதன் கரன்ட்டைத் தாங்களே பயன்படுத்துவது) பங்கு எடுத்தால் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் மிச்சம் என்கிறார். 2010ல் காற்றாலை போட்டு அவதிப்பட்ட உறவினர் ஒருவர், அந்தப் பக்கமே போகாதே என்கிறார். (வாசகர், பல்லடம்)

பதில்: உங்கள் உறவினர் எதனால் பயப்படுகிறார் என்று புரிகிறது. வாரியத்துக்கு விற்ற காற்றாலைக்காரர்களுக்கு அந்த வருஷங்களில் பில் பாஸ் ஆகும், பணம் வராது. ஒரு வருஷத்துக்கு மேல்கூட காத்திருந்தார்கள், வங்கித் தவணை மட்டும் மாதாமாதம் வந்து நின்றது. ஆடிக் காற்றில் காற்றாலை முழு வேகத்தில் சுற்றவேண்டிய நேரத்தில் கிரிட் தாங்காது, நிறுத்து என்று போன் வரும். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். தன் ஆலைக்கே அந்தக் கரன்ட்டைப் பயன்படுத்திக்கொண்ட மில்காரர்களுக்கு, பணத்துக்காகக் காத்திருக்கும் இந்தத் தொல்லை இல்லை. மின்வெட்டிலும் பல மில்கள் ஓடியதற்கு அது உதவியது.

உங்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை. மாதம் 60,000 ரூபாய் மிச்சம் என்பது நல்ல தொகைதான், ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும், அதுவும் அவரவர் பங்கு விகிதத்துக்கு ஏற்ப, 10 சதவீதத்துக்குள் முன்னேபின்னே. கணக்கு வருஷக் கடைசியில்தான் பார்ப்பார்கள். கூட்டாளிகளில் இரண்டு மில் ஆர்டர் இல்லாமல் மூடினால்கூட விகிதம் கெடலாம், கெட்டால் கேப்டிவ் தகுதி போய், வருஷம் முழுக்க எடுத்த யூனிட்டுக்கு கிராஸ் சப்ஸிடி சர்சார்ஜ், அதாவது வாரியத்தை விட்டு வெளியில் கரன்ட் வாங்குகிறவர்கள் கட்டும் கூடுதல் கட்டணம், விழும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது, அந்த சர்சார்ஜ் வந்தால் யார் கட்டுவது என்ற வரி. கம்பெனி கட்டும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், வாயால் சொன்னது செல்லாது. அடுத்து, அந்த ஒரு ரூபாய் மிச்சம் வாரியக் கட்டணத்தில் இவ்வளவு குறைவு என்ற கணக்கா, இல்லை நிலையான விலையா, வாரியத்தின் லைனில் கரன்ட்டைக் கொண்டுவரக் கட்டும் வீலிங் கட்டணம் உயர்ந்தால் யார் தலையில். பங்கை வெளியேறும்போது முகமதிப்புக்கே திருப்பி எடுத்துக்கொள்வார்கள், டிவிடெண்ட் எதிர்பார்க்க முடியாது, பாதியில் விலகினால் அபராதமும் இருக்கும். அதனால் இதை முதலீடு என்று நினைக்காமல் கரன்ட் பில்லுக்குக் கட்டும் டெபாசிட் மாதிரி நினைத்துக் கணக்குப் போடுங்கள். பேங்கிங் வசதி (உபரி யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது) எவ்வளவு என்று உங்கள் மின் ஆலோசகரிடம் கேளுங்கள், இரவு ஷிப்ட் ஓட்டுகிற ஆலைக்குப் பகல் சோலார் எந்த அளவு பயன்படும் என்பது அதைப் பொறுத்தது. மற்ற கூட்டாளிகள் யார் யார் என்று பட்டியல் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் கரன்ட் போகும்போதும் வீடு ஓடும்தானே? (வாசகி, மதுரை)

பதில்: ஓடாது அம்மா, பலரும் போட்ட பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இணைப்பு, லைனில் கரன்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஊழியர்மேல் உங்கள் மாடிக் கரன்ட் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், நல்ல வெயிலில் நாளுக்கு சுமார் 12 யூனிட் வரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் எடுக்கிற வீடு என்றால் தாராளமாகப் போடலாம், 200க்குள் என்றால் முதல் 100 யூனிட் இலவசமாகவே வருகிறது, போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். மின்வெட்டுக்கும் சேர்த்துத்தான் வேண்டும் என்றால் பேட்டரியோடும் லைனோடும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேட்டரி இரண்டுக்கும் தனியாக விலை கேளுங்கள், மானியம் பேட்டரிக்குக் கிடையாது.