சொந்தக் காசும் கட்சிக் காசும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தொகுதியில் இந்தச் சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பேருக்கு நடுவில்தான் போட்டி. ஒருவர் இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர், அதற்கு முன் ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர். கையில் பெரிதாகப் பணம் இல்லை, செலவைக் கட்சியும் நன்கொடை கொடுப்பவர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னொருவர் தொழிலதிபர், அரசியலுக்குப் புதியவர். “யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன், என் காசு போதும்” என்கிறார். அப்பா அனுபவசாலிக்குத்தான் ஓட்டு என்கிறார். சொந்தக் காசில் நிற்பவர்தான் யாருக்கும் கடன்படாதவர் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் வயதில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வசதியானவருக்குத் திருட வேண்டிய தேவை இல்லையே என்று. ஒரு சாலைக்காக நாலைந்து பேர் எங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போன அன்றுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

அவர் வயதானவர், மூன்று முறை ஜெயித்தவர். மனுவைக் கையில் வாங்கியதும், “இது ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையா?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே ஒரு பழைய நோட்டைப் புரட்டி, பாலம் வரை ஒன்றியம், அதற்கு அப்புறம் நெடுஞ்சாலை என்று சொல்லி, மனுவை இரண்டாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்தத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்குச் சட்டமன்றத்திடம் அது கேட்கும் பணம், என்றைக்கு விவாதத்துக்கு வருகிறது என்பதும் அவருக்கு மனப்பாடம். அதற்கு முன்பே மனு அங்கே போய்ச் சேர வேண்டும் என்றார். சாலை வந்தது. அவருக்குப் பின் வந்தவர் பெரிய பணக்காரர், நல்ல மனிதரும்கூட. கோவிலுக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுத்தார். மனுக்கள் மட்டும் அவருடைய உதவியாளரின் மேஜையைத் தாண்டவில்லை.

அனுபவம் என்று நான் சொல்வது அந்த நோட்டைத்தான். எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தொகுதிக்கு வரும் மற்ற பணமெல்லாம் துறைகள் வழியாக வருவது. அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். கேள்வி நேரத்தில் துணைக்கேள்வி போட்டு அமைச்சரிடம் ஓர் உறுதிமொழி வாங்குவதும், அது நிறைவேறியதா என்று உறுதிமொழிக் குழு வழியாக விரட்டுவதும், அரசின் செலவுகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அதிகாரிகளைத் துருவுவதும் உட்கார்ந்து கற்க வேண்டிய வேலைகள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். வேட்பாளரின் செலவு வரம்பை 2022இல் 40 லட்சம் ஆக்கினார்கள். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. வீட்டுக்கு வீடு போகும் பணக் கவர் எந்தக் கணக்கிலும் வராது. பணப் பட்டுவாடா புகாரால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்த வேண்டியிருந்ததை நாம் பார்த்தோம். சீட்டுக்கான நேர்காணலிலேயே “எவ்வளவு செலவு பண்ணுவீங்க?” என்று கேட்கிறார்கள் எனக் கட்சிக்காரர்களே வருத்தத்தோடு சொல்வதுண்டு. எம்.எல்.ஏ. சம்பளம் 2018இல் மாதம் 1.05 லட்சம் ஆனது. அந்தக் கணக்கில் ஐந்து ஆண்டுக்கு 63 லட்சம். அதைப்போலப் பல மடங்கு போட்டு ஜெயிப்பவர் யாருக்கும் கடன்படவில்லை என்கிறீர்கள். தன் பணப்பெட்டிக்குக் கடன்பட்டிருக்கிறாரே எஸ்.!

அதற்காக நன்கொடை சுத்தமானது என்று சொல்ல மாட்டேன். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகுதான் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெளியே வந்தது. அதிகம் வாங்கியது பாஜக. திமுகவுக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கும் மாநிலம் நம்முடையது. இது போன்ற நன்கொடைப் பணத்தால் நடக்கும் பிரச்சாரத்தில்தான் உங்கள் அனுபவசாலியும் ஓட்டுக் கேட்கிறார். அவர் நேரில் கை நீட்டியிருக்க மாட்டார், ஆனாலும் ஒரு நாள் அந்த நன்கொடையாளருக்குப் பிடிக்காத கேள்வியைச் சபையில் கேட்க வேண்டி வந்தால் எழுந்து நிற்பாரா? அதையும் அவரிடம் கேளுங்கள்.

பணம் இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்று மனம் சோர வேண்டாம். 2021இல் திருத்துறைப்பூண்டியில் குடிசை வீட்டில் வாழ்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் மாரிமுத்து ஜெயித்தார். கூட்டணி பலம் இருந்தது உண்மை. ஊர் ஊராக நடந்து பழகிய ஆண்டுகளும் இருந்தன.

என் ஓட்டு என்றால் உங்கள் அப்பாவின் பக்கம்தான் சாய்வேன், ஒரு நிபந்தனையோடு. வேட்புமனுவோடு சொத்து, கடன், வருமான விவரங்களைச் சொல்லித் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26 தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். பழையவர் போன முறை கொடுத்ததையும் இந்த முறை கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சொத்து எப்படி வளர்ந்திருக்கிறது என்று தெரியும். புதியவருடையதில் வருமானம் எதிலிருந்து வருகிறது, அரசோடு ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா, கடன் யாரிடம் வாங்கியிருக்கிறார் என்ற பகுதிகளைப் படியுங்கள். அரசு ஒப்பந்தத்தில் சம்பாதிப்பவர் “கை நீட்ட மாட்டேன்” என்று சொன்னால் அதற்கு அர்த்தமே வேறு.

ஒரு சாயங்காலம் போதும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.