நின்றால் சூடு, ஓடினால் சரி!

கேள்வி: சிக்னலில் கார் நின்றால் இன்ஜின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, வேகமாக ஓட்டினால் தானாக இறங்கிவிடுகிறது. கூலன்ட் குறையவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் சூடு ஏறும். உங்கள் காரில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடுகிறது, நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும், அது செய்யவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்றும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்), அப்புறம் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். ஏசிக்குச் சுற்றி, இன்ஜின் சூட்டுக்குச் சுற்றாவிட்டால் கோளாறு சூட்டை அளக்கும் சென்சாரில் அல்லது அதன் வயரில் இருக்கலாம். கையை ஃபேனுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், இன்ஜினை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்கவே வேண்டாம்.